ஆதம் மலைக்குச் சுக்கான் பிடித்தவன்

1

முதலிலேயே என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்கிற சிரமம் மிச்சம். நான் ஒரு மலையைத் தோணி என்று நினைத்துச் சுக்கான் பிடித்தவன். எனக்குத் தோணியும் ஓட்டத் தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியபட்டினத்தில் பிறந்த ஆம்பளைகளில், கரையில் இழுத்துப் போட்டிருக்கும் வள்ளத்தில் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிறவன் நான் ஒருவன்தான் என்று என் வாப்பா பள்ளிவாசல் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கடலுக்கு லாயக்கில்லை என்றுதான் என்னைக் கொழும்புக்குக் கடை பார்க்க அனுப்பினார்கள். கொழும்புக்கும் கடல் வழியாகத்தான் போகவேண்டும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும், கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள் மைமூன். இந்தக் கொழும்பில் பிறந்தவள். அவள் வாயில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகிவிட்டது. 'முடியாது' என்பதை மறந்து நாளாயிற்று, எல்லாம் 'ஏலாது'தான். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"வாப்பா, எங்கட கிளாஸ் எல்லாரும் ஆடம்ஸ் பீக் போற. ஒரு கைடும் வார. நானும் போகவா?"

"கைடா? யார் அந்த ஆள்? எந்த ஊர்? யார் சொல்லி வர்றான்?"

"அதெல்லாம் டீச்சருக்குத்தான் தெரியும். ஏன் வாப்பா, கைடு ஒருத்தர நம்ப ஏலாதா?"

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஊரிலிருந்து விசா வாங்கிக்கொண்டு வருகிற உங்களில் பலபேர் இப்போது அந்த மலையைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியிடம் அடிமைப்பட்டுப் போகாமல் எப்படி ஏறுவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். நான் செய்ததைத் தெரிந்துகொண்டு, அதைச் செய்யாமல் இருங்கள்.

2

என் வீட்டுக்காரியின் அண்ணன் செய்யது மச்சான். எங்கள் ஊரில் தண்டயல் என்று கேட்டால் அவரைத்தான் கை காட்டுவார்கள். தண்டயல் என்றால் தோணிக்குத் தலைவர். பாய் விரிப்பதா, சுருட்டுவதா, கரைக்குத் திரும்புவதா என்று சொல்கிற வாய் ஒரு தோணியில் ஒன்றுதான் உண்டு, அது தண்டயலின் வாய். மச்சான் கருவாடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குத் தோணி ஓட்டிய காலத்தில், விடியற்காலையில் கரை தெரிவதற்கு முன்னால் அவர் கண்ணுக்குத் தெரிகிற முதல் பொருள் பாவா ஆதம் மலைதான், மைமூன் ஆடம்ஸ் பீக் என்கிற அதே மலை. மரம் தெரியாது, வீடு தெரியாது. வானத்தின் அடியில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம். அதைப் பார்த்துத்தான் தோணியின் மூக்கைத் திருப்புவார்.

பிறகு பாஸ் வந்தது, பெர்மிட் வந்தது, விசா வந்தது. மச்சானின் தோணி கரையேறி, அதில் ஆடு கட்டினார்கள். தண்டயலாக வந்துபோன ஊருக்கு அவர் பயணியாக, மண்டபம் கேம்பில் ஊசி குத்திக்கொண்டு, கையில் போட்டோ ஒட்டிய புத்தகத்தோடு வந்து இறங்கினார். தங்கையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"மாப்ள, அந்த மலை என்னய இத்தன காலம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஒரு தடவ அது மேல நின்னு கடலப் பாக்கணும். நம்ம தோணி வந்த பாதை அங்கனருந்து எப்புடித் தெரியுதுன்னு பாக்கணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்று அவர் சொன்னாலும் அது சின்ன காரியம் இல்லை. கடைச் சரக்கு வந்து இறங்கியதில் என்னால் நகர முடியாமல் போய், அவருடைய விசா முடியும் வாரம் வந்துவிட்டது. நீட்டித்துக் கேட்கலாம் என்று ஆபீசுக்கு அழைத்துப் போனேன். ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலைக் காட்டினார்கள், அந்த ஜன்னலில் மதியச் சாப்பாட்டைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு ஐயா தலையை நிமிர்த்தினார்.

"எதுக்கு இன்னும் தங்க வேணும்?"

"மலை பாக்க" என்றார் மச்சான்.

"மலை எங்கயும் போகாது. திரும்ப வந்து பாருங்க."

"மலை போகாதுங்க. என்னயத்தான் நீங்க திரும்ப விடமாட்டீங்க."

அந்த ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முத்திரை வரவில்லை. மறுபடி விசா கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. அந்த வாரத்தில் கிடைத்த ஒரு நாளை விட்டால் மச்சானுக்கு அந்த மலை இல்லை. அந்த ஒரு நாளை என் பொறுப்பில் கொடுத்தார்கள்.

3

வழிகாட்டிகளை எனக்கு ஏன் பிடிக்காது என்று இங்கே சொல்லியாக வேண்டும். என் வாப்பா ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சங்கு, சிப்பி விற்கிற கடை வைத்திருந்தார். விடுமுறையில் நான் அங்கேதான் கிடப்பேன். ரயில் நிற்பதற்கு முன்பே படியில் தொற்றிக்கொண்டு வழிகாட்டிகள் ஏறுவார்கள். அதில் அழகர் என்று ஒருவர், அக்காள்மடத்துக்காரர். அக்காள்மடத்தில் ஒரே தடவை பிறந்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு புது ஊரில் பிறந்துகொண்டிருந்தார்.

"எந்த ஊரு சாமி? கும்பகோணமா! எங்க அம்மா பொறந்த ஊருல்ல!"

அடுத்த பெட்டியில், "திருநெல்வேலியா! அட, எங்கய்யா பொறந்த தெரு அங்கனதான சாமி!"

ஊர் ஒன்றானதும் யாத்திரைக்காரர் முகம் இளகும். பெட்டி அழகர் தலைக்குப் போகும். பெட்டி எங்கே போகிறதோ அங்கே மனுஷனும் போவான். அதற்குப் பிறகு அவர் எந்தச் சத்திரத்தில் படுப்பது, எந்தக் கடையில் சங்கு வாங்குவது, எப்போது பசி எடுப்பது என்பதெல்லாம் அழகர் முடிவு. எங்கள் கடைக்கும் அவர்தான் ஆள் கொண்டுவருவார். அதனால் வாப்பா அவரைப் பார்த்துச் சிரிப்பார், போன பிறகு என்னிடம், "ஊரு ஒண்ணுன்னு ஒருத்தன் சொன்னா, மடியில கை வச்சுப் பாத்துக்கடா" என்பார்.

என் மார்க்கக் கல்வியை விட இது எனக்கு ஆழமாக ஏறியது.

இன்னொன்றும் ஏறியது, ஆனால் தப்பாக. பாம்பன் கால்வாயில் வெளியூர்த் தோணி நுழையும்போது உள்ளூர் ஆள் ஒருவனை ஏற்றிக்கொள்வார்கள். பாறை எங்கே, மணல் எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். அவன் முன்னால் மூக்கில் நின்று கத்துவான். ஆனால் சுக்கானைத் தண்டயல் விடமாட்டார். பின்னால் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்டு, பாதியை நம்பி, திருப்புவது இவர்தான். வழிகாட்டியிடம் கேட்டுக்கொள், சுதந்திரத்தைக் கொடுத்துவிடாதே என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நான் முடிவு செய்தேன். அது தண்ணீருக்கு உண்டான ஏற்பாடு என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

4

ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ். சீசன் என்றால் மலைக்குப் போகிற கூட்டமே வழிகாட்டும், ஆள் வேண்டாம். நாங்கள் போனது சீசன் முடிந்த மழைக்காலம். பாதையில் ஈ காக்காய் இல்லை என்றார்கள். பஸ் நிற்கிற இடத்தில், முழங்கால் வரை தொங்கும் காக்கிக் கோட்டு ஒன்று எங்களை நோக்கி வந்தது. உள்ளே மாரிமுத்து இருந்தார். தேயிலைத் தோட்டத்து ஆள், மலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். தொரைமார் குடும்பத்தையே முதுகில் சுமந்து மேலே கொண்டுபோன கதையைக் கூலி பேசுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"நானா எந்தப் பக்கம்?" என்றார். இந்தத் தீவில் முஸ்லிம் என்றால் நானா.

"ராம்நாட்டுப் பக்கம்" என்றார் மச்சான், நான் அவர் கையைக் கிள்ளுவதற்குள்.

"அட! எங்க தாத்தாவும் அங்கனருந்து வந்தவர்தான். நம்ம ஊர்க்காரங்களா நீங்க!"

நான் மடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அக்காள்மடத்து அழகர் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். எந்த ஊர், என்ன பெயர் என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, "அதெல்லாம் அப்புறம். வழியைப் பேசுவோம்" என்று வெட்டிவிட்டேன்.

வழியில்தான் முதல் சண்டை. "ராத்திரிச் சாப்பாட்ட முடிச்சுட்டு ஏற ஆரம்பிச்சா, விடியறதுக்கு மேல நிக்கலாம் நானா" என்றார் அவர். "இந்த மாசத்துல விடியறப்ப கொஞ்ச நேரந்தான் மேகம் வெலகும். அப்பத்தான் கடல் தெரியும். பகல்ல ஏறுனா மூடிரும்."

இருட்டில் கூட்டிப்போகிறேன் என்கிறவன் வெளிச்சத்தில் எதை மறைக்கிறான்? சத்திரத்தில் இருட்டோடு எழுப்பிக் கூட்டிப்போய், ஒரே கிணற்றைச் சுற்றிவந்து மூன்று தீர்த்தமாக்கிய ஆட்களை எனக்குத் தெரியும். "பகலில்தான் போகிறோம். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிட வேண்டும்" என்றேன்.

"கடல் தெரியாட்டி என்னயச் சொல்லக் கூடாது."

"கடலைப் பற்றி எங்களுக்கே சொல்லித்தர்றியா?"

மாரிமுத்து மச்சானைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மச்சான் வானத்தைப் பார்த்தார், மலை இருக்கிற திசையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"கூட்டிட்டு வந்தது நீ. நீ சொல்லு மாப்ள."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தண்டயல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் தோணியில் ஏறிவிட்டால் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள், அந்தத் தோணி பாறையைப் பார்த்துப் போனாலும் சரி. இரண்டு வாய் பேசுகிற தோணி கரைசேராது என்பது அவர்கள் கணக்கு. பிறந்ததிலிருந்து தண்டயல்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. அன்றைக்கு நான்தான் அந்தத் தோணிக்காரன் என்பது உறைக்கவில்லை.

5

காலையில் கிளம்பினோம். என் ஏற்பாடுகள் எல்லாம் பலமாக இருந்தன. பையை மாரிமுத்து கேட்டார், கொடுக்கவில்லை. பெட்டி போன இடத்துக்கு மனுஷன் போவான் என்று எனக்குத் தெரியுமே. தண்ணீர் என்னிடம், இடியாப்பம் என்னிடம், குடை என்னிடம். மச்சானுடைய பாஸ்போர்ட்டையும் என்னுடைய தங்கும் பெர்மிட்டையும் எண்ணெய்த்துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு வழிகாட்டிக்குத்தான் நான் கூலியாள் என்று தோன்றியிருக்கும்.

"நீ முன்னால் போ" என்றேன் மாரிமுத்துவிடம். "மச்சான் நடுவில். நான் கடைசியில். நீ வழியைச் சொல், நான் திருப்புகிறேன்."

"என்னத்தத் திருப்புவீங்க?"

"உன்னை."

அவர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். "சரி நானா. வெள்ளக்காரங்கூட என்னய இப்படி ஓட்டுனதில்ல" என்று நடக்க ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து சுக்கான் பிடிப்பதில் மலையில் ஒரு சிக்கல் உண்டு. எதிரே மச்சானின் முதுகு மட்டும்தான் தெரியும். அது அகலமான முதுகு. ஒவ்வொரு வளைவிலும் நான் கத்துவேன், "ஏன் இந்தப் பக்கம்?" முன்னாலிருந்து பதில் வரும், "அந்தப் பக்கம் பள்ளம்!" பாதியை நம்புவேன். மூச்சு வாங்குகிற சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதற்காக இன்னும் பெரிதாகக் கத்துவேன். அட்டைகள் என் காலில் ஏறிக் குடும்பம் நடத்தின. முன்னால் போகிற இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் வரும், வார்த்தை வராது. மச்சானிடம் என்ன கேட்டு வாங்குகிறானோ என்று எனக்குப் பகீரென்றது.

வழியில் ஒரே ஒரு பெட்டிக்கடை திறந்திருந்தது. அது மாரிமுத்துவின் சித்தியுடையது. நான் மச்சானைப் பார்த்துக் கண்ணால் சொன்னேன், பார்த்தீர்களா என்று. மச்சான் தேத்தண்ணியை ரசித்துக் குடித்தார், அங்கேயே ஒரு கைத்தடியும் வாங்கிக்கொண்டார்.

அதற்கு மேலே மேகம் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எடப்பக்கம்" என்றது முன்னாலிருந்த மேகம்.

இடப்பக்கத்தில், மரத்துக்குப் பின்னால், எனக்குப் புகை தெரிந்தது. இன்னொரு சித்தி! "வலப்பக்கம்!" என்று கத்தினேன்.

"அது தோட்டத்துக்குப் போற பாதை நானா."

"தெரியும். வலப்பக்கம் போ!"

எனக்கு எதுவும் தெரியாது. மேகத்துக்குள்ளிருந்து மாரிமுத்துவின் முகம் வெளியே வந்தது. மச்சானைப் பார்த்தது. மச்சான் தன் கைத்தடியைப் பார்த்தார். மாரிமுத்து தோளைக் குலுக்கிக்கொண்டு, "ஓட்டுறவுக சொன்னா சரிதான்" என்று வலப்பக்கம் திரும்பினார்.

ஏற்றம் போய் இறக்கம் வந்தது. மலை ஏறுகிறவனுக்கு இறக்கம் சந்தேகத்தைத் தர வேண்டும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நனைந்துகொண்டே போய், கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில் கரைசேர்ந்தோம்.

6

கொட்டகையிலிருந்து ஒரு காவல்காரர் தடியோடு வந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என் கைலி, மச்சானின் தொப்பி, இரண்டு பேரின் பாஷை.

"எந்தக் கரையில எறங்குனீங்க?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபத்தை விட ஆச்சரியம்தான் வந்தது. கள்ளத்தோணி! காயிதம் இல்லாமல் ஊரிலிருந்து தோணியில் வந்து இறங்குகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். கடலிலிருந்து அவ்வளவு தூரம், அவ்வளவு உயரம், மேகத்துக்குள் நிற்கிறோம். அங்கே நான் தோணியில் வந்து இறங்கியிருக்கிறேன் என்று ஒரு மனுஷன் சந்தேகப்படுகிறான். தோணி நிழலில் நின்றாலே குமட்டுகிற என்னைப் பார்த்து! இதை வாப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

"யாரு இவங்க?" என்று காவல்காரர் மாரிமுத்துவைக் கேட்டார்.

"நம்ம ஊர்க்காரங்க."

"உனக்கு ஏதுடா ஊரு? நீ இந்தத் தோட்டத்து லயத்துல பொறந்தவன்."

"எங்க தாத்தா ஊரு."

காவல்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்புடியா? சொல்லுங்க பாப்பம். இவன் தாத்தா எந்த ஊரு?"

காலையிலிருந்து கூடவே நடந்த ஆளின் ஊரை நான் கேட்டிருக்கவில்லை. சொல்ல வந்ததையும் வெட்டியிருந்தேன். ராமேஸ்வரம் ஸ்டேஷனின் எல்லா ரயில்களும் என் தலைக்குள் ஓடின. கும்பகோணம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"தொண்டிக்கு மேக்க" என்றார் மச்சான். "ஊரணிக் கரையில அய்யனார் கோயிலு, அதுக்குப் பின்னாடி வீடு. ஊரணி மீன எல்லாருமாச் சேந்து ஏலம் விடுவாங்க. இவரு தாத்தா ஒரு தடவ ஏலத்துக்காரனையே ஊரணிக்குள்ள தள்ளிட்டுத்தான் கப்பலேறுனாராம்."

மாரிமுத்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். காவல்காரருக்கும் உதடு இளகியது. ஆனால் தடி இறங்கவில்லை. "அது சரி. காயிதம் இருக்கா?"

"இருக்கிறது!" என்று நான் இடுப்பை அவிழ்த்தேன். அன்றைக்குப் பூராவும் நான் செய்ததில் உருப்படியான காரியம் இது என்று நினைத்தேன்.

"இருக்குற மூணு பேருல காயிதம் இல்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்றார் மாரிமுத்து, பொதுவாக மழையைப் பார்த்து. "இந்த நாட்டுக் காயிதமும் இல்ல, அந்த நாட்டுக் காயிதமும் இல்ல. என்னயப் புடிக்க மாட்டேங்குறாங்க பாருங்க."

காவல்காரர் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்து, திருப்பிக் கொடுத்தார். "கிளாக்கர் ஐயா வந்து பாக்கணும். பின்னேரந்தான் வருவாரு. அதுவரைக்கும் காயிதம் இங்கன இருக்கணும். காயிதம் வச்சிருக்கவரும் இருக்கணும்."

"அய்யா, இவருக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. மலைக்குப் போக வந்தவர்" என்றேன்.

"பெரியவர் போகட்டும். காயிதம் இல்லாம அவரு எங்க போயிடப் போறாரு?"

மூன்று பேருடைய சாமானையும் நான் ஒருவனே சுமந்தேன் அல்லவா, இப்போது மூன்று பேருடைய ஜாமீனும் நான்தான். யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதனால் என்னைத்தான் கட்டிப்போட்டார்கள்.

மச்சான் அப்போதுதான் வழியைப் பற்றி வாயைத் திறந்தார். காலையிலிருந்து என்னோடு வந்த ஆளாக அவர் தெரியவில்லை. சாய்ந்து நின்ற முதுகு நிமிர்ந்தது. நான் தோணியிலிருந்து இறங்கியாயிற்று, அவருக்கு வாய் வந்துவிட்டது.

"மாரி, இங்கனருந்து பாதைக்கு ஏற குறுக்கு இருக்கா?"

"இருக்கு பெரியவரே. செங்குத்து. முழங்கால் கேக்கும்."

"முழங்கால நான் பாத்துக்கிறேன். மழ எந்தப் பக்கமிருந்து வருது?"

"தெக்கருந்து."

"எந்த எடத்துல திரும்பியே ஆகணும்னு நெனச்சா நீ சொல்லு. திரும்புறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

"அது உங்க இஷ்டம் பெரியவரே."

"போலாம்."

அவ்வளவுதான் பேச்சு. என் பையிலிருந்து இடியாப்பப் பொட்டலத்தில் பாதியை எடுத்து மாரிமுத்துவின் கோட்டுப் பையில் போட்டார். தண்ணீரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ இங்கனயே இரு மாப்ள. வாரேன்" என்றார். தேயிலைக்குள் இரண்டு தலைகள் ஏறிப் போவது கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு மேகம்.

கொழுந்துக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் படாத சந்தேகம் இல்லை. தள்ளிவிடுவானோ. பாதியில் விட்டுவிட்டு வருவானோ. மலைக்கே போகாமல் சித்தி கடையில் உட்காரவைத்து, இதுதான் சிகரம் என்பானோ. மழை வந்தது, விட்டது, மறுபடி வந்தது. கொட்டகை வாசலிலிருந்து மலை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை மட்டும் வெளுப்பாக ஏதோ விலகின மாதிரி இருந்தது. விலகியதா, என் கண்ணாடியைத் துடைத்ததில் வந்த வெளிச்சமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. விடியற்காலையில் மேலே நின்றிருக்க வேண்டிய மனுஷனைப் பகலில் ஏற்றிவிட்டேனே என்கிற எண்ணம் அந்தக் கூடைகளுக்கு நடுவில்தான் என்னைப் பிடித்தது. அட்டையைப் பிடுங்கிப் போடலாம், இது போகவில்லை.

கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மனுஷன் ஆர்?" என்றார். "என் மச்சான்" என்றேன். "அப்ப நீர் ஏன் இங்க இருக்கிறீர்?" என்றார். அதற்கு என்னிடம் காயிதம் இல்லை.

சாயங்காலம் இருட்டுவதற்குள் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். தலையிலிருந்து கால் வரை ஈரம். மச்சான் நொண்டினார், ஆனால் முகம் எங்கேயோ இருந்தது. மாரிமுத்து எதையோ சொல்ல, அவர் சத்தமாகச் சிரித்தார். நான் எழுந்து பக்கத்தில் போனதும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

7

மஸ்கெலியாவில் பஸ் ஏறும்போது மச்சானும் மாரிமுத்துவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொண்டிப் பக்கம் போனால் அந்த ஊரணிக் கரையை ஒரு எட்டுப் பார்க்கிறேன் என்று மச்சான் சொன்னார். என்னிடம் மாரிமுத்து, "போயிட்டு வாங்க கேப்டன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் வீடு வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்காரி அண்ணன் காலுக்கு எண்ணெய் காய்ச்சினாள். மலை எப்படி என்று அவள் கேட்டாள். "நல்ல மலை" என்றார். அதற்கு மேலே பேச்சைக் கொண்டுபோகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு ஆயுசு முழுக்கக் கடலிலிருந்து மலையைப் பார்த்தவருக்கு, மலையிலிருந்து கடலைப் பார்க்கக் கிடைத்த ஒரே நாளை, அக்காள்மடத்து அழகர் மேல் எனக்கு இருந்த சந்தேகத்துக்காக நான் மேகத்தில் போட்டுவிட்டேன் என்று ஆகும். ஆமாம் என்று சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது, என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார் என்பேன். ஆகவே சோறு பரிமாறும்போதும், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து தலைமன்னாருக்குப் போனபோதும், ஊர்க் கருவாடு விலையையும் மழையையும் பேசிக்கொண்டோம்.

தலைமன்னார்த் துறையில் அவருடைய மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். மலையிலிருந்து கொண்டுவந்த கைத்தடியை ஒரு சிப்பந்தி காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, என் ஜாதி. மச்சான் தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்கு ஸலாம் சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டு, கப்பலுக்குப் போகிற பலகையில் கால் வைத்தார். விசா இதோடு சரி. இனி அவர் இந்தக் கரைக்கு வரப்போவதில்லை, எனக்கும் ஊர் எப்போதென்று தெரியாது. என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான்!" என்று கூப்பிட்டேன். அவர் நின்று திரும்பினார். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மேலேயிருந்து கடல் தெரிந்ததா?"

முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நீயே ஏறிப் பாத்துக்க, மாப்ள."